‘ஈ’ என்பதா, ‘தா’ என்பதா?

ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உள்ளன என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் வகுத்துச் சொன்னார். தாழ்ந்தவன் கேட்கும் சொல் ‘ஈ’. ஒப்பானவன் கேட்கும் சொல் ‘தா’. உயர்ந்தவன் கேட்கும் சொல் ‘கொடு’. தமிழாசிரியர் எவரும் ஒருமுறையேனும் நடத்தியிருக்கக்கூடிய பாடம் இது. கேட்கப்படும் பொருள் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் கேட்பவன் எவ்விடத்தில் நின்று கேட்கிறான் என்பதை அவன் வாய்ச்சொல் மறைக்காமற் காட்டிவிடுகிறது.

இவ்விலக்கணத்தை நீதிமன்ற வாயிலில் வைத்துப் பார்க்கும்போது விடை எளிதில் கிட்டாத ஓர் அறக்கேள்வி எழுகின்றது. வழக்கறிஞரை அமர்த்தப் பொருளில்லாத ஒருவன் தனக்கு உதவுமாறு அரசைக் கேட்கிறான். அவன் ‘ஈ’ என்று கேட்க வேண்டியவனா? ‘தா’ என்று கேட்க உரிமை உடையவனா? அரசு அவனுக்குச் செய்வது ஈகையா, அல்லது அரசு அவனுக்குப் பட்ட கடனா?

நூலறிவுக்காக மட்டும் எழுப்பப்படும் கேள்வியன்று இது. மலேசிய அரசாங்கம் 1970ஆம் ஆண்டில் சட்ட உதவிப் பணியகத்தை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டில் அதற்கெனச் சட்ட உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அது சட்ட உதவித் துறை என்னும் பெயருடன், பிரதமர் துறையைச் சார்ந்த சட்ட விவகாரப் பிரிவின் குடைக்கீழ் இயங்குகிறது. அச்சட்ட விவகாரப் பிரிவோ, முன்பு தனி அமைச்சாக இருந்த சட்டத்துறை அமைச்சு 1995இல் இல்லாமற்போனபின் அதன் பணிகளை ஏற்றுக்கொண்ட அமைப்பு. அமைச்சு பிரிவாவதும் பணியகம் துறையாவதும் அரசாங்கப் பதிவேட்டுச் செய்திகள். அவற்றை விரிப்பதால் நமக்குப் பெரும்பயன் இல்லை. அந்த அலுவலகத்தின் வரலாற்றை அதன் மேசைக்குப் பின்னால் நின்று பாராமல், நெகிரி செம்பிலானின் தோட்டப்புறத்தில் நின்று பார்ப்பதே இங்கு நோக்கம். லிங்கி, ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் வட்டாரத்துப் பால்மரக் காடுகளிலிருந்து சிரம்பானில் உள்ள ஓர் அரசாங்க மேசைவரைக்கும் எத்தனை தொலைவு? மைல் கணக்கில் அது பெரிதன்று. வேறு கணக்கில் அது மிகப் பெரிது.

நெகிரி செம்பிலான் சட்டத்தை மதிக்காத மண் அன்று. சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு நிலப்பகுதிகளின் தலைவர்களுக்கு ‘உண்டாங்’ என்பதே பட்டப்பெயர். மலாய்மொழியில் அச்சொல் சட்டத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒன்றி நிற்பது. மாநிலத்தின் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவர்களே. மகன் மாண்டாலும் மாளட்டும், மரபு மாளக்கூடாது என்பது அம்மண்ணின் அடாட் பெர்ப்பாத்தே வழக்காற்றில் ஊறிய பழமொழி. இதைக் கேட்கும் தமிழருக்கு, தேர்க்காலில் மாண்ட கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட திருவாரூர் மனுநீதிச் சோழன் நினைவுக்கு வராமற் போகான். இரு மரபும் ஒரே உள்ளத்தில் பிறந்தவைபோல் தோன்றுகின்றன. ஆயின் சோழன் கதையில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. தாய்ப்பசு தானே நடந்து வந்து அம்மணியை அசைத்தது. பசு கட்டப்பட்டிருந்தால்? அதைக் கட்டியிருந்த கயிறு, யார்மேல் முறையிட வேண்டுமோ அவன் கையிலேயே இருந்தால்?

தோட்டத்தில் வேறொரு மணி இருந்தது. விடியுமுன் ஒலித்து, ஆண்களையும் பெண்களையும் பெரட்டுக்களத்திற்கு அழைத்த மணி அது. அந்த மணியை அடிக்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை.

ஒப்பந்தக்கூலி முறைக்கு ஆளெடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி வழியாக வந்தவர்கள் சட்டப்படி கட்டற்ற மனிதர்களே. அவர்களுடைய கப்பற்செலவை, 1907இல் தோட்ட முதலாளிகளிடமிருந்து வரி பெற்று அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி ஏற்றுக்கொண்டது. 1912இல் தொழிலாளர் இலாகா தோன்றியது. 1923இல் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. இந்தியாவில் 1922இல் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டத்தின் பயனாக, மலாயாவில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் தோட்டங்களைச் சென்று பார்த்தார். கூலி விகிதம், வீடு, நோய், பள்ளி ஆகியவை பற்றி ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். தொழிலாளியின் குறைகேட்கவென்றே ஊதியம் பெற்ற அரசாங்க அலுவலர் அவர். அவ்வகையில் பிற்காலத்துச் சட்ட உதவி அலுவலகத்தின் மூத்த உறவினர் என்று அவரைக் கூறலாம்.

ஆனால் அவரால் எந்தத் துரையையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. பார்க்கலாம், எழுதலாம், சொல்லலாம். ஆணையிடும் அதிகாரம் அவருக்கில்லை. அவரை அனுப்பிய இந்திய அரசும் அவர் முறையிட வேண்டியிருந்த மலாயா அரசும் ஒரே பேரரசின் இரு கைகளாக இருந்தன. 1936 இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் வந்து பார்த்து, மறு ஆண்டில் அறிக்கை அளித்தார். கங்காணி ஆளெடுப்பு ஒழிய வேண்டும் என்று அவர் சொன்னார். எனினும் உதவிபெற்று வரும் குடியேற்றத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்நிறுத்தம் 1938இல் இந்திய அரசின் ஆணையாக வந்தது. இவ்வளவு பேர் எழுதிய இவ்வளவு அறிக்கைகளிலும் தொழிலாளி படர்க்கையிலேயே வருகிறான்: ‘அவன்’, ‘அவர்கள்’, ‘கூலிகள்’. தன்மையில் பேசும் தொழிலாளியை அவற்றில் தேடிக் காண்பது அரிது. அவனுக்காக இரங்கியவர்களும் அவனுக்கு மாறாக நின்றவர்களும் இவ்வொன்றில் வேறுபட்டாரில்லை.

தன்மையில் பேசும் பழக்கம் தொழிற்சங்கத்தால் வந்தது. போருக்குப்பின் நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றிய பி.பி. நாராயணன் போன்றோரின் முயற்சியால் மாநிலந்தோறும் பிரிந்துகிடந்த சங்கங்கள் இணைந்து, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. சங்கத்தின் குறைநிறைகளை எடைபோடுவது வேறொரு கட்டுரைக்குரியது. நமக்கு வேண்டிய செய்தி, ‘நாங்கள்’ என்னும் சொல் சம்பளப் பேச்சின் மேசைக்கு வந்ததே. கூட்டமாக நின்றபோது தொழிலாளியால் ‘தா’ என்று கேட்க முடிந்தது. தனியாக நிற்க நேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதே எஞ்சும் கேள்வி. மணவிலக்கு, பராமரிப்புத் தொகை, இறந்தவரின் சிறு சொத்து, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், காவல்நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட இளைஞன் ஆகிய இவையெல்லாம் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்துக்குள் வாராதவை. இவ்விடங்களில் மனிதன் தனியன்.

1957இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அத்தனியனுக்குச் சொற்களைத் தந்தது. ஐந்தாம் பிரிவு, கைதுசெய்யப்பட்டவன் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம், அவரால் வாதாடப்படலாம் என்றது. எட்டாம் பிரிவு, சட்டத்தின்முன் எல்லாரும் சமம் என்றது. விரும்பும் வழக்கறிஞர் என்று எழுதியவர்கள் அவருக்குரிய கட்டணத்தைப் பற்றி அங்கே ஒன்றும் எழுதவில்லை. கையில் காசில்லாதவனுக்குக் கடைவீதி முழுவதும் திறந்திருப்பது எத்தகைய உரிமை? பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த சட்ட உதவிப் பணியகம் இவ்விடைவெளியை நிரப்ப வந்ததே.

அது எவ்வாறு நிரப்பிற்று? உதவி கேட்டு வருபவரின் வருவாயும் உடைமையும் முதலில் அளக்கப்பட்டன. வரம்புக்குள் இருப்பவர் உதவிக்குரியவர். மேற்பட்டவர் பங்குத்தொகை செலுத்த வேண்டியவர், அல்லது உதவிக்கு உரியவரல்லர். குடும்ப வழக்குகளிலும் வாரிசுச் சொத்து போன்ற உரிமையியல் வழக்குகளிலும் அது எளியோர் பலருக்குக் கைகொடுத்தது. இதை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். குற்றவியலிலோ, சிறார் வழக்குகளையும் சிறு குற்றங்களையும் நீக்கிப் பார்த்தால், நெடுங்காலம் அதன் உதவிக்கு ஒரு விந்தையான எல்லை இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால், தண்டனையைக் குறைக்குமாறு அவனுக்காகப் பரிந்து பேச அரசாங்க வழக்கறிஞர் வருவார். ‘நான் செய்யவில்லை’ என்று சொல்பவனுக்கு அந்த உதவி இல்லை.

இதைச் சற்று நின்று எண்ண வேண்டும். மதுரையில் கோவலன் வெட்டுண்டது அவன் குற்றவாளி என்பதால் அன்று. அவன் சொல்லை எவரும் கேளாததால். வழக்குரைத்தவள் கண்ணகி, ஆனால் அவள் வழக்குரைத்தபோது கணவன் உயிரோடு இல்லை. ‘செய்தேன்’ என்பவனுக்கு இரக்கமும் ‘செய்யவில்லை’ என்பவனுக்குத் தனிமையும் தரும் ஏற்பாடு, தொல்காப்பியர் வகுத்த ‘ஈ’ என்னும் சொல்லை ஏற்பாடாகவே ஆக்கியது போன்றது. தலைகுனிந்து வந்தால் கிடைக்கும். நிமிர்ந்து வந்தால் கிடைக்காது. இந்த எல்லையை வகுத்தவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அரசின் பணம், அரசே தொடுக்கும் வழக்கை எதிர்த்துச் செலவாவதா என்னும் தயக்கம் எந்த நாட்டு அதிகாரிக்கும் இயல்பாகத் தோன்றக்கூடியது. அத்தயக்கத்தைத் தாண்டுவதில்தான் ஓர் அரசின் அறம் சோதனைக்குள்ளாகிறது.

அமெரிக்காவின் புளோரிடாவில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்றொரு ஏழை, ஒரு பில்லியர்ட்ஸ் விளையாட்டுக்கூடத்தில் புகுந்து திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டான். தனக்கொரு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டான். மரண தண்டனைக்குரிய வழக்கானால் மட்டுமே அவ்வாறு தர இயலும் என்று நீதிபதி மறுத்தார். அவன் தானே வாதாடித் தோற்றான், சிறை சென்றான். சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினான். 1963இல் அந்நீதிமன்றம், கடுங்குற்ற வழக்கில் பொருளற்றவனுக்கு வழக்கறிஞரை அளிப்பது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. மறு விசாரணையில், வழக்கறிஞர் துணையோடு நின்ற கிடியன் குற்றமற்றவன் என்று விடுவிக்கப்பட்டான். முதல் விசாரணையிலும் அவன் அதே மனிதன்தானே? மாறியது அவனருகில் நின்ற ஒருவர் மட்டுமே. இந்தியாவும் 1976இல் தன் அரசியல் சட்டத்தில் முப்பத்தொன்பதாம் பிரிவுடன் ஒரு துணைப்பிரிவைச் சேர்த்து, இலவசச் சட்ட உதவியை அரசின் நெறியாக்கிற்று. நம் நாட்டில் அடுத்த பெரிய படி 2012இல் வந்தது. அரசு பொருள் தர, வழக்கறிஞர் மன்றத்தைச் சேர்ந்த தனியார் வழக்கறிஞர்கள் பணிபுரிய, தேசிய சட்ட உதவி அறவாரியம் அவ்வாண்டு ஏப்ரலில் தன் வேலையைத் தொடங்கியது. கைதாகும் வேளையிலும் தடுப்புக்காவல் விசாரணையிலும் ஜாமீன் கேட்கும்போதும் குடிமகனுக்கு ஒரு துணை கிடைக்கத் தொடங்கியது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டானா என்று முதலிற் கேளாத துணை அது.

இதுகாறும் சொன்னவை அலுவலகத்தின் வரலாறு. இனித் தோட்டத்துக்குத் திரும்புவோம்.

வருவாயை அளந்து உதவுவது நியாயமே. ஆனால் தோட்டத்து மனிதனின் இல்லாமை பண இல்லாமை ஒன்றுதானா? கிடியனுக்குப் பென்சிலும் தாளும் மொழியும் இருந்தன. ஒரு பால்வெட்டும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் வாழும் லயத்து வீடு தோட்டத்தினுடையது. பிள்ளையை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை தோட்டத்தினுடையது. பிள்ளை படிக்கும் பள்ளி நிற்பதும் தோட்டத்து நிலத்தில்; கும்பிடும் மாரியம்மன் கோயில் நிற்பதும் அங்கேயே. கணவன் குடிக்கும் கள்ளுக்கடைகூட நெடுங்காலம் தோட்ட வளாகத்தினுள்ளேயே இருந்தது. வேலையைப் பற்றி அவள் முறையிட்டால் இழப்பது வேலையை மட்டுமன்று. கூரையை, பள்ளியை, அக்கம்பக்கத்தை, சாமியை. நகரவாசி தன் முதலாளிமீது வழக்கிட்டுவிட்டு மாலையில் தன் வீட்டுக்குப் போகலாம். இவளுக்குப் போவதற்கு வேறு வீடு இல்லை. எந்த வருவாய்க் கணக்கிலும் இவ்வச்சத்துக்குக் கட்டம் வரையப்படவில்லை.

‘சட்டம் தெரியாது என்பது சாக்காகாது’ என்பது நீதிமன்றங்கள் உலகெங்கும் பின்பற்றும் கொள்கை. அதை விட்டுவிட்டால் எவரும் தெரியாது என்று சொல்லித் தப்பலாம் என்பதும் உண்மைதான். ஆயினும் இக்கொள்கைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை, தெரிவிக்க வேண்டிய கடமையைத் தன்னுடன் அழைத்துக்கொண்டே வருகிறது. 1976ஆம் ஆண்டின் மணச்சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் முஸ்லிமல்லாதவரின் திருமணங்கள் பதிவுக்கும் ஒருதார நெறிக்கும் உட்பட்டன. பெண்ணுக்கு இது பெரும் அரண். ஆனால் மாரியம்மன் கோயிலில், ஊரார் கூடிநிற்க, தாலியேறினால் மணம் நிறைவுற்றது என்று நம்பிய ஒரு சமுதாயத்துக்கு, அரண் எங்கே இருக்கிறது, அதன் கதவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை யார் போய்ச் சொல்வது? அரசாங்கப் பதிவேடு மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. தோட்டத்துக்கு அதைத் தமிழாக்கித் தந்தவை வானொலியும், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற ஏடுகளும், சங்கக் கிளைச் செயலாளர்களும், நம்முடைய தோட்டப்பள்ளி ஆசிரியர்களுமே. அரசு சட்டம் செய்தது. அறிவித்தவர்கள் ஊதியமின்றி அறிவித்தார்கள்.

ஆசிரியரைப் பற்றி இங்குச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். சட்ட உதவிப் பணியகம் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சட்ட உதவி மேசை இருந்தது. அது பள்ளி ஆசிரியரின் மேசை. மாலை வேளையில் சிவப்பு அடையாளக் கார்டை நீலமாக்க வேண்டி ஒருவர் வருவார். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் பிழையாக எழுதப்பட்டதென்று ஒருத்தி வருவாள். 1968ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச்சீட்டு பெறவேண்டும் என்றானபோது, பால்மரக் காட்டிலேயே முதுமையடைந்தவர்கள் தாம் யார் என்பதைத் தாளில் மெய்ப்பிக்க வேண்டியவரானார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். அவர்களுட் பலர் தக்க நேரத்தில் விண்ணப்பம் எழுதிப் பெற்றிருந்தால் போக வேண்டாதவர்கள். எழுதித்தர ஓர் ஆசிரியர் இருந்த தோட்டத்துக்கும் இல்லாத தோட்டத்துக்கும் இடையே ஒரு குடும்பத்தின் தலைவிதி வேறுபட்டது என்பது மிகையன்று.

ஆனால் அம்மனுக்களின் நடையை எண்ணிப் பாருங்கள். ‘மாட்சிமை தங்கிய ஐயா அவர்களின் சமூகத்துக்கு, அடியேன் பணிந்து விண்ணப்பித்துக்கொள்வது’ என்று தொடங்கி, ‘தங்கள் கருணையை என்றும் மறவேன்’ என்று முடியும். கேட்பது சட்டம் கொடுத்த ஒன்று. கேட்கும் மொழியோ பிச்சையின் மொழி. ‘தா’ என்று கேட்க வேண்டியவனுக்கு நாம் ‘ஈ’ என்று எழுதிக் கொடுத்தோம். காலங்காலமாக வந்த மனுமரபு அது. அதிகாரியின் மனம் கோணினால் காரியம் கெடும் என்னும் உலகியலறிவும் அதில் கலந்திருந்தது. ஆகவே எழுதியவரைப் பழிப்பதற்கில்லை. ஆயினும், இருபதாண்டுக்காலம் பிறர் எழுதிய பணிவுச் சொற்களின்கீழ்க் கைநாட்டு வைத்த மனிதன், தன் உரிமையைத் தானும் ஒரு சலுகையென்றே கருதக் கற்றுக்கொள்கிறான். எவ்வளவு நல்ல உள்ளத்தோடு செய்யப்பட்டாலும், ஒருவனுக்காகப் பேசுவதில் அவனைப் பேசாதவனாகவே வைத்திருக்கும் ஆபத்து உண்டு. இந்த ஆபத்து ஆசிரியருக்கும் உண்டு, கிராணிக்கும் உண்டு, அரசியல் தலைவருக்கும் உண்டு, சட்ட உதவி அலுவலகத்துக்கும் உண்டு.

அப்படியானால் எழுதிக் கொடுக்காமல் விட்டுவிடலாமா? ‘நீயே கற்றுக்கொண்டு நீயே கேள்’ என்பது கேட்க வீரமாக இருக்கலாம். நாளை வீட்டைக் காலிசெய்ய வேண்டியவனிடம் அவ்வாறு சொல்வது கொடுமை. எனக்குத் தோன்றுவது இது: எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும், எழுதியதை அவனுக்கு அவன் மொழியில் படித்துக் காட்டவும் வேண்டும். எந்தச் சட்டத்தின் எந்த விதியின்கீழ் இதைக் கேட்கிறோம் என்பதை அவன் வாயாலேயே ஒருமுறை சொல்லவைக்க வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும். அப்பத்து நிமிடத்தில் அவன் ‘ஈ’யிலிருந்து ‘தா’வுக்கு நகர்கிறான். பள்ளியில் நாம் கற்பிக்கும் விண்ணப்பக் கடிதத்தின் இலக்கணத்தையும் இவ்வகையில் மறுபடி பார்க்கலாம். பணிவு வேறு, பண்பு வேறு என்பதை ஆறாம் வகுப்பு மாணவன் புரிந்துகொள்ள மாட்டானா?

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் இந்த வேறுபாட்டின் விலை தெரிந்தது. 1950களிலும் 60களிலும் ஐரோப்பிய நிறுவனங்களின் தோட்டங்கள் கைமாறிச் சிறுசிறு துண்டுகளாகின. அதனை ஆராய்ந்து உங்கு அசீஸ் அறிக்கை தந்தார். பின்னர் செம்பனை வந்தது. அதற்கும் பின்னர் நகரம் வந்தது. செனவாங்கில் தொழிற்பேட்டை எழுந்தது. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றிலும் பால்மரம் நின்ற மண்ணில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. வேலைநீக்க இழப்பீட்டுக்கென 1980இல் விதிகள் வந்தன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு, ஆண்டொன்றுக்கு இருபது நாட்சம்பளம் இழப்பீடு என்று அவை சொல்லின. முப்பதாண்டு பால்வெட்டியவளுக்கு அறுநூறு நாட்சம்பளம். தன் கணக்கை இப்படிப் பெருக்கிப் பார்க்கத் தெரிந்தவள், தோட்ட அலுவலகத்தில் நீட்டப்பட்ட தாளில் வேறு எண் இருந்தால் கையொப்பமிடாமல் தொழிலாளர் இலாகாவுக்குப் போக முடியும். அங்கே முறையிட வழக்கறிஞர்கூடத் தேவையில்லை. இலாகா அதிகாரியே விசாரித்து ஆணையிடலாம் என்று 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வழிவைத்திருக்கிறது. தெரியாதவள், ‘ஏதோ துரை கொடுத்தார்’ என்று வாங்கிக்கொண்டு வெளியேறுவாள். கொடுத்தார் என்ற அச்சொல்லில் எவ்வளவு பெரிய திரிபு!

ஆனால் அறுநூறு நாட்சம்பளத்தை ஒரு காசு குறையாமல் பெற்றவளுக்கும் அதனோடு வீடு கிடைக்கவில்லை. அவ்விதிகள் உழைத்த ஆண்டுகளை எண்ணின. வாழ்ந்த ஆண்டுகளை எண்ணவில்லை. இவ்விடத்தில் எந்தச் சட்ட உதவியும் ஓரளவுக்குமேல் உதவாது. இல்லாத உரிமையை எந்த வழக்கறிஞரும் வாதாடிப் பெற இயலாதல்லவா? சட்ட உதவி என்பது இருக்கும் சட்டத்தைக் கைக்கெட்டச் செய்வது மட்டுமே. அதைக் கேட்டுப் பழகிய மனிதன், இல்லாத சட்டத்தையும் ஒருநாள் கேட்பான் என்பதே அதனால் வரும் மறைமுகப் பயன். சில அரசுகள் சட்ட உதவிக்குத் தாராளமாகப் பொருள் ஒதுக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நான் சில வேளை ஐயுறுவதுண்டு.

முதலில் எழுப்பிய கேள்விக்கு என் விடை இதற்குள் வெளிப்பட்டிருக்கும். சட்டத்தை ஆக்குபவன் அரசு. அதற்குக் கட்டுப்படு என்பவன் அரசு. அறியாமை சாக்காகாது என்பவனும் அரசு. இத்தனையும் சொல்லும் ஒருவன், அச்சட்டத்தைப் பயன்படுத்தும் வழியை ஏழைக்குத் திறந்துவிடுவது ஈகையாகாது. பட்ட கடனைத் தீர்ப்பதேயாகும். கடன் கொடுத்தவன் கடனைத் திருப்பிக் கேட்கும்போது ‘ஈ’ என்று கேட்பதில்லை.

இன்று நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குப் போனால் நம்மவரைக் காண்பது அரிதாகி வருகிறது. லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் வாழ்கின்றனர். தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் உதவி இந்நாட்டுக் குடிமக்களுக்கென வகுக்கப்பட்டது. பிறருடைய கடவுச்சீட்டைச் சட்டப்படியான அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவார்? எங்கோ ஒரு தோட்ட அலுவலகத்தில் அக்கடவுச்சீட்டுகள் இரும்புப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருக்குமானால், அந்த மேசையில் கிராணியாகவோ மண்டோராகவோ ஒரு தமிழர் இருக்கக்கூடும். அவருடைய பாட்டனார் அதே மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றவராக இருந்திருக்கலாம். ஒரு நேபாளி இளைஞன் வந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், தன் கடவுச்சீட்டைக் கேட்கிறான். அவன் எந்தச் சொல்லால் கேட்டாலும், அதைத் ‘தா’ என்று கேட்டதாகவே இவர் செவியில் வாங்கிக்கொள்வாரா?